துத்தநாக ஆக்ஸைடு காந்தமாகுமா?

வேர்க்குருவுக்குத் தடவும் இளஞ்சிவப்பு நிறக் கலமைன் லோஷனை அறியாத வீடு நம்மிடையே இராது. அந்தக் குப்பியின் அடியில் படியும் தூள் பெரும்பாலும் துத்தநாக ஆக்ஸைடு. தனியாகப் பார்த்தால் சுண்ணாம்பு போல வெள்ளை வெளேரென்று இருக்கும். நூற்றுக்கு அரைப் பங்கு இரும்பு ஆக்ஸைடு கலப்பதால்தான் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சித்த வைத்தியர்கள் துத்தநாகத்தை நாகம் என்பார்கள். நாக பற்பம் அவர்களுடைய பழைய சரக்கு. டயர் ரப்பரிலும் இந்த ஆக்ஸைடு உண்டு. இப்படி நம் கண்ணெதிரே கிடக்கும் இந்த வெள்ளைத் தூள்தான் 2000-ஆம் ஆண்டை ஒட்டி உலகத்து இயற்பியல் ஆய்வுக்கூடங்களைப் பத்தாண்டுக்கு மேல் அலைக்கழித்தது. நம் பெங்களூரிலும் அந்தக் கதையின் ஒரு முக்கியமான பகுதி நடந்தது.

எனக்கு இந்தப் பொருளோடு பழக்கம் ஏற்பட்டது ரயில்வேயில். ஜோலார்பேட்டைப் பக்கம் 25 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்தபோது இடிதாங்கிகளின் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. பழைய இடிதாங்கிகளில் காற்று இடைவெளி இருக்கும். பின்னர் வந்தவற்றில் இடைவெளியே கிடையாது. பீங்கான் கூட்டுக்குள் துத்தநாக ஆக்ஸைடு வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். சாதாரண மின்னழுத்தத்தில் அவை மின்சாரத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. மின்னல் தாக்கி அழுத்தம் எல்லை மீறினால், கண் இமைப்பதற்குள் கதவைத் திறந்து அத்தனையையும் பூமிக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூடிக்கொள்கின்றன. இந்தக் குணம் துத்தநாக ஆக்ஸைடுக்குத் தானாக வராது. பிஸ்மத், ஆன்டிமணி, கோபால்ட், மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைச் சிறிதளவு சேர்த்துச் சுட்டெடுத்தால்தான் வரும். ஜப்பானில் மட்சுஷிடா நிறுவனத்தைச் சேர்ந்த மட்சுவோகா 1971-ல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். வட்டுக்குள் இருக்கும் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் ஒவ்வொரு எல்லையும் ஏறத்தாழ 3 வோல்ட்டைத் தாங்கும். அத்தகைய எல்லைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்பதுதான் இடிதாங்கி.

இவ்வாறு ஒரு பொருளில் வேறொன்றைத் தெரிந்தே துளி சேர்ப்பதற்குப் பாடநூல்களில் மாசூட்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மாசு என்றால் வேண்டாதது. இது வேண்டிச் சேர்ப்பது. சாம்பாரில் போடும் பெருங்காயத்தை மாசு என்போமா? ஆனாலும் சொல் நிலைத்துவிட்டதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

இயற்கையே செய்த மாசூட்டலும் உண்டு. நம் மைசூர்ச் சீமையிலும் சேலம் பக்கத்திலும் கிடைக்கும் குருந்தக் கல் அலுமினிய ஆக்ஸைடு. ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயரே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். தூய குருந்தத்திற்கு நிறமில்லை. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் குரோமியம் அமர்ந்துவிட்டால் அது மாணிக்கம். 1960-ல் மைமன் முதல் லேசர் ஒளியை வரவழைத்தது மாணிக்கத் தண்டிலிருந்துதான். மேலே சொன்ன கலமைன் அப்படியன்று. அதில் இரும்பு ஆக்ஸைடு தனித் தூளாகக் கலந்து கிடக்கிறது, அவ்வளவே. கலந்து கிடப்பதற்கும், படிகத்திற்குள் ஓர் அணுவின் ஆசனத்தில் வேறோர் அணு அமர்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தகராறு முழுவதும் இதைப் பற்றியதே.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் எங்கள் கோபிநத்தம். காவிரிக்கரைக் காட்டோரத்தில், தமிழக எல்லையில் உள்ள ஊர். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே ஓர் ஆள்தான் நினைவுக்கு வருவார். அந்தக் கதையை இங்கே விட்டுவிடலாம். அங்குள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம். என் தங்கை மகள் அங்கிருந்து மைசூருக்கு வந்து எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். அவளுடைய ஆய்வுத் திட்டம், கோபால்ட் மாசூட்டிய துத்தநாக ஆக்ஸைடின் காந்த குணத்தையும் ஒளி குணத்தையும் கணிப்பொறியில் கணக்கிடுவது. ஒரு வகையில் கணக்கிட்டால் காந்தம் என்று விடை வருகிறது. இன்னொரு வகையில் கணக்கிட்டால் இல்லை என்று வருகிறது. "மாமா, ரெண்டுல எதை எழுதறது?" என்று கேட்டாள். காந்தம் என்று எழுதினால் கட்டுரை எளிதில் அச்சேறும் என்று சொல்லக்கூடியவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவளுக்குச் சொன்னதையே விரித்து, அவளைப் போன்ற மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காந்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு மிகச் சிறிய காந்தம். அதன் தற்சுழற்சி மேல் நோக்கியும் இருக்கலாம், கீழ் நோக்கியும் இருக்கலாம். இந்த வகை உலோக அணுக்களில் இருவர் அமரக்கூடிய ஐந்து இருக்கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இருக்கையில் இருவர் அமர்ந்தால் ஒருவர் மேல், ஒருவர் கீழ். காந்தம் ஒன்றையொன்று அடித்துவிடும். பஸ்ஸில் ஏறும் ஆட்கள் காலியாக உள்ள இருக்கைகளில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்த பிறகுதானே இன்னொருவர் பக்கத்தில் உட்கார்வார்கள்? எலெக்ட்ரான்களும் அப்படியே. துத்தநாக அயனியில் பத்துப் பேர். எல்லா இருக்கையும் நிறைந்து காந்தம் பூஜ்யம். மாங்கனீசில் ஐந்து பேர், ஐவரும் தனித்தனி. கோபால்ட்டில் ஏழு பேர். மூவர் துணையின்றி இருக்கிறார்கள். ஆகவே கோபால்ட் அயனி ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஆனால் குட்டிக் காந்தங்கள் இருப்பது மட்டும் போதாது. அவை ஒரே திசையில் அணிவகுத்து நிற்க வேண்டும். அதுதான் இரும்பிடம் உள்ள ஃபெர்ரோ காந்தத் தன்மை. ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் அது பாரா காந்தம். அடுத்தடுத்தவை எதிரெதிராக நின்றால் வெளியே ஒன்றும் தெரியாது. நடுவில் ஓர் ஆக்ஸிஜன் அணு நிற்கும்போது பெரும்பாலும் இந்த எதிரெதிர் நிலையே அமையும். மாங்கனீசு ஆக்ஸைடு இதற்கு நல்ல உதாரணம்.

2000-ஆம் ஆண்டில் இரண்டு கணிப்புகள் வந்தன. டீட்டலும் அவர் குழுவினரும் ஒரு மாதிரிக் கணக்கை வெளியிட்டார்கள். துத்தநாக ஆக்ஸைடில் நூற்றுக்கு 5 மாங்கனீசு சேர்த்து, கூடவே கன சென்டிமீட்டருக்கு 35 கோடி கோடி லட்சம் நேர்மின் துளைகளும் இருந்தால் அறை வெப்பத்திலும் அது ஃபெர்ரோ காந்தமாக இருக்கும் என்றார்கள். அதே ஆண்டு ஜப்பானில் சாட்டோவும் கட்டயாமா-யோஷிடாவும் அணுக்களின் அடிப்படை விதிகளிலிருந்தே கணக்கிட்டு, கோபால்ட், இரும்பு, நிக்கல் முதலியவை இதைக் காந்தமாக்கும், துளைகள் இல்லாவிட்டால் மாங்கனீசு ஆக்காது என்று கண்டார்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் காந்தம்! மின்சுற்றும் நினைவகமும் ஒரே சில்லில் அடங்கிவிடும் என்ற ஆசை. ஆய்வுக்கூடங்கள் இதில் பாய்ந்ததில் வியப்பில்லை.

அந்த அடிப்படைக் கணக்கு எப்படி நடக்கிறது? ஒவ்வோர் எலெக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடராமல், இடத்துக்கு இடம் எலெக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்பதை மட்டும் வைத்தே மொத்த ஆற்றலைக் கண்டுவிடலாம் என்று 1964-65-ல் ஹோஹன்பெர்க், கோன், ஷாம் ஆகியோர் காட்டினார்கள். இதற்காக கோன் 1998-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நடைமுறையில், 16 துத்தநாகமும் 16 ஆக்ஸிஜனும் கொண்ட ஒரு சிறு பெட்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு துத்தநாகத்தை எடுத்துவிட்டுக் கோபால்ட்டை வைப்பார்கள். இரண்டு கோபால்ட்டும் ஒரே திசை பார்த்தால் மொத்த ஆற்றல் எவ்வளவு, எதிரெதிர் பார்த்தால் எவ்வளவு என்று இரு முறை கணக்கிடுவார்கள். எது குறைவோ அதுவே இயற்கை விரும்பும் நிலை. குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ போன்ற நிரல்கள் இலவசமாகக் கிடைப்பதால் கோபிநத்தத்துப் பெண்ணும் இன்று இதைச் செய்ய முடிகிறது. பெரிய சௌகரியம்தான்.

ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதைப் பாருங்கள். எல்லா எலெக்ட்ரான்களையும் சேர்த்தால் 32 அணுப் பெட்டியின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 8 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். நாம் தேடும் வித்தியாசமோ 0.05 எலெக்ட்ரான் வோல்ட் போன்றது. ரயில்வேக் கணக்கில் சொல்கிறேன். 58 வேகன் கொண்ட ஒரு நிலக்கரி வண்டி, வேகனுக்குச் சரக்கோடு 81 டன் என்றால் மொத்தம் 4,700 டன். அதில் நாம் தேடுவது 300 கிராம். கார்டின் சாப்பாட்டுப் பாத்திரம் வண்டியில் இருக்கிறதா இல்லையா என்று முழு வண்டியையும் எடை போட்டுச் சொல்வது போல! (கார்டு என்ற பதவியை 2022-ல் ரயில் மேலாளர் என்று மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) இரண்டு முறையும் ஒரே தராசில், ஒரே மாதிரி நிறுத்தினால் தராசின் பிழை பெரும்பகுதி கழிந்துபோகும் என்பது உண்மை. பாத்திரம் இருக்கும்போது ஒரு விதமாகவும் இல்லாதபோது வேறு விதமாகவும் தவறும் தராசாக இருந்தால்? அங்கேதான் சிக்கல்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். துத்தநாக ஆக்ஸைடில் எலெக்ட்ரான்கள் நிறைந்த பட்டைக்கும் காலியான கடத்துப் பட்டைக்கும் நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.4 எலெக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் 1.7-லிருந்து 3.1 வரைதான். அந்த ஒளியால் இடைவெளியைத் தாண்ட முடியாது. எனவே ஒளி உட்கவரப்படுவதில்லை, தூள் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தந்த இடத்து அடர்த்தியை மட்டும் பார்க்கும் சாதாரணத் தோராயத்தில் கணக்கிட்டாலோ இடைவெளி சுமார் 0.8 என்றுதான் வருகிறது. 0.8 உண்மையானால் கண்ணுக்குத் தெரியும் ஒளி அத்தனையையும் அது விழுங்கிவிடும். கலமைன் குப்பியில் கரித்தூள்தான் இருக்க வேண்டும்.

நிறம் தவறினால் தவறட்டும், காந்தத்துக்கு என்ன என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கடத்துப் பட்டை இருக்க வேண்டிய உயரத்திலிருந்து வெகுவாகக் கீழே இறங்கிவிடுவதால், கோபால்ட்டின் எலெக்ட்ரான் நிலைகளோடு போய்க் கலந்துவிடுகிறது. நிஜத்தில் இல்லாத அந்தக் கலப்பு, கோபால்ட் அணுக்களைத் தூரத்திலிருந்தே கைகோக்க வைக்கிறது. விடை காந்தம் என்று வந்துவிடுகிறது! இதற்குப் பரிகாரங்கள் உண்டு. ஒரே அணுவில் இரண்டு எலெக்ட்ரான்கள் நெருங்குவதற்குரிய கூடுதல் ஆற்றலை யு என்ற எழுத்தால் குறித்துச் சேர்ப்பது ஒன்று. 1991-ல் அனிசிமோவ் முதலியோர் தந்த வழி. அதைவிடத் துல்லியமான, அதைவிட நேரம் பிடிக்கும் முறைகளும் இருக்கின்றன. அலெக்ஸ் சுங்கரும் அவர் சகாக்களும் 2010-ல் இந்தத் துறையில் கோட்பாடு எங்கெங்கே வழிகாட்டியது, எங்கெங்கே வழி தவறச் செய்தது என்று விரிவாகவே எழுதினார்கள். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கட்டுரை அது.

கணக்குக் கிடக்கட்டும், செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? 2001-ல் ஜப்பானில் உயேடா குழுவினர் கோபால்ட் சேர்த்த படலங்களில் காந்தத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். ஆனால் செய்த படலங்களில் சிலவற்றில் மட்டுமே. 2003-ல் மாங்கனீசு சேர்த்ததும் அறை வெப்பத்துக்கு மேல் காந்தம் என்று ஸ்டாக்ஹோமிலிருந்து கட்டுரை வந்தது. டீட்டல் கேட்ட நிபந்தனை, நேர்மின் துளைகள் ஏராளமாக வேண்டும் என்பது. துத்தநாக ஆக்ஸைடோ இயல்பாகவே எலெக்ட்ரான்கள் மிகுந்த பக்கம் சாயும் பொருள்; அதில் துளைகளை நிரப்புவது இன்றுவரை பெரும் பாடு. நிபந்தனையை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர்நிலை ஆய்வு மையத்தில், 2014-ல் பாரத ரத்னா பெற்ற பேராசிரியர் சி.என்.ஆர். ராவும் தீபக்கும் மாங்கனீசும் கோபால்ட்டும் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடைக் கவனமாகத் தயாரித்து அளந்தார்கள். ஃபெர்ரோ காந்தம் இல்லை என்று 2005-ல் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். எல்லோரும் "இருக்கிறது" என்று சொல்லும் வேளையில் "இல்லை" என்று அச்சில் போடுவதற்குத் தைரியம் வேண்டும்.

அப்படியானால் மற்றவர்கள் அளந்தது என்ன? பக்கத்துத் துறையில் நடந்த ஒன்று இதற்கு விளக்கம் தரும். 2004-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் வெங்கடேசன், ஃபிட்ஸ்ஜெரால்டு, கோயி மூவரும் எந்த மாசும் ஊட்டாத ஹாஃப்னியம் ஆக்ஸைடுப் படலத்தில் காந்தம் கண்டதாக எழுதினார்கள். 2005-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதேபோன்ற படலங்களைச் சோதித்தார்கள். காந்தம் இல்லை. துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் படலத்தைப் பிடித்தபோது மட்டும் காந்தம் வந்தது!

இது எப்படி முடியும் என்று நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 மில்லிமீட்டர் சதுரம், 100 நானோமீட்டர் கனம் உள்ள துத்தநாக ஆக்ஸைடுப் படலத்தின் எடை 14 மைக்ரோகிராம்தான். அதில் நூற்றுக்கு 5 கோபால்ட் அமர்ந்து, அத்தனையும் ஒரே திசையில் நின்றாலும் கிடைக்கும் காந்தம் 0.65 மைக்ரோகிராம் இரும்பின் காந்தத்துக்குச் சமம். பத்தில் ஒரு பங்கு வந்தாலே போதும் என்று எழுதிய காலம் அது. அதற்கு 0.065 மைக்ரோகிராம் இரும்பு போதும்; பக்கத்துக்கு 0.02 மில்லிமீட்டர் உள்ள ஒரு துணுக்கு. தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான். எங்கள் பட்டறையில் அரம் போட்டுவிட்டுக் கையை உதறினால் அப்படி ஆயிரம் விழும்.

ஒளிச் சோதனையால் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? கோபால்ட் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடு பச்சையாக இருக்கும். 1780-ல் ஸ்வீடனில் ரின்மன் கண்ட வர்ணம் அது. நான்கு ஆக்ஸிஜன் சூழ்ந்த துத்தநாகத்தின் ஆசனத்தில் கோபால்ட் அமர்ந்திருந்தால் 565-லிருந்து 655 நானோமீட்டர் வரையுள்ள ஆரஞ்சு, சிவப்புப் பகுதியை அது விழுங்கும், மிஞ்சுவது பச்சை. ஆகவே பச்சை தெரிந்தால் கோபால்ட் சரியான இடத்தில் இருக்கிறது என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் அந்தப் பச்சை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கோபால்ட் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. மிச்சம் ஒரு பங்கு உலோகத் துணுக்காகத் திரண்டிருந்தால் நிறத்தில் தெரியாது. காந்தமானியில் உரக்கக் கேட்கும்.

கணிப்பொறிக் கணக்கே வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துத்தநாக ஆக்ஸைடு ஏன் எப்போதும் எலெக்ட்ரான்கள் மிகுந்தே இருக்கிறது என்ற கேள்விக்கு, உள்ளே நுழைந்த ஹைட்ரஜனும் ஒரு காரணம் என்று 2000-ல் வான் டி வாலே கணக்கால் சொன்னார். பெரும்பாலான பொருள்களில் ஹைட்ரஜன் அப்படி நடந்துகொள்வதில்லை என்பதால் யாரும் எதிர்பார்க்காத விடை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சோதனைகள் அதை ஆதரித்தன.

இனி தங்கை மகளின் அட்டவணைக்கு வருவோம். சாதாரணத் தோராயத்தில் ஒரே திசை வென்றது. யு சேர்த்ததும் வித்தியாசம் சுருங்கி, எதிர்த் திசை வென்றது. இரண்டையும் எழுது என்றேன். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டத்தில் அந்த முறை தரும் ஆற்றல் இடைவெளியைப் போடு, பக்கத்திலேயே 3.4 என்ற அளந்த மதிப்பைப் போடு. எந்த வரிசை கலமைனைக் கரியாக்குகிறது என்பதைப் படிப்பவரே பார்த்துக்கொள்வார். யுவின் மதிப்பை எங்கிருந்து எடுத்தாய் என்பதையும் மறைக்காதே. வேண்டிய விடை வரும்வரை அதைத் திருகுவது, மீட்டர் முள்ளை விரலால் தள்ளுவதற்குச் சமம். உன் பெட்டியில் 16-க்கு 2 என்றால் நூற்றுக்கு 12.5 கோபால்ட், அதுவும் ஒழுங்கான வரிசையில். அப்படிப்பட்ட படிகத்தை யாரும் செய்ததில்லை என்று ஒரு வரி சேர். கோபால்ட்டுகளை அருகருகே வைத்து ஒரு முறை, தள்ளி வைத்து ஒரு முறை, ஓர் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டு ஒரு முறை என்று கணக்கிட்டால் திட்டம் இன்னும் கனமாகும்.

ஜக்கூர்க் கதை 2005-ஓடு நிற்கவில்லை. மறு ஆண்டே அதே மையத்தில் சுந்தரேசனும் ராவும் குழுவினரும் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். துத்தநாகம், சீரியம், அலுமினியம், இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளை, மாசு எதுவும் ஊட்டாமல், 7-லிருந்து 30 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகச் செய்தால் அறை வெப்பத்தில் மெல்லிய ஃபெர்ரோ காந்தம் தெரிகிறது. அதே தூளைச் சுட்டுப் பெரிய மணிகளாக்கினால் மறைகிறது. துகளின் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் விடுபட்ட இடங்களே காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதுவும் இரும்புத் தூசியோ என்று கேட்பவர்கள் கேட்டார்கள். டப்ளினில் கோயியும் வெங்கடேசனும் மற்றவர்களும் சீரியம் ஆக்ஸைடு நானோ துகள்களை எடுத்து, அவற்றுக்கிடையே லாந்தனம் ஆக்ஸைடுத் துகள்களைக் கலந்து, ஒன்றோடொன்று திரளாமல் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். காந்தம் போய்விட்டது. இரும்புத் தூசியாக இருந்தால் எதைக் கலந்தாலும் அது காந்தமாகவே இருந்திருக்கும். அது சாதாரண ஃபெர்ரோ காந்தம் அன்று, துகள்கள் திரளாகச் சேர்ந்து காட்டும் வேறொரு குணம் என்று 2016-ல் எழுதினார்கள். அதற்கு அவர்கள் தந்த விளக்கத்தை எல்லோரும் இன்னும் ஏற்கவில்லை.